சும்மா சொன்ன கட்டளை

"சும்மாதான் சொன்னேன் டீச்சர்," என்றார் தணிகைவேல்.

ரெஜினா நாற்காலியைக் காட்டினாள்.

அவர் உட்காரவில்லை.

ரெஜினாவுக்கு முப்பது வயது. குரு என்றாலும் மடமும் கிடையாது, காவியும் கிடையாது. அரக்கோணத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, அதில் இரண்டு கம்ப்யூட்டர்கள். இணையதளம் அமைக்கத் தெரியாமல் தவிப்பவர்கள் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருந்தாள்.

தணிகைவேலுக்கு நாற்பத்தாறு. அவளிடம்தான் புரோகிராம் எழுதக் கற்றார். குழுவில் கேள்வி விழுந்ததுமே பதில் போடுவது அவர்தான். கூடவே ஒரு கிண்டலும் போடுவார். பதிலைவிடக் கிண்டலுக்குத்தான் மவுசு. மனுஷன் கெட்டவர் இல்லை. கைதட்டல் கேட்டுப் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

முந்தாநாள் மெஹருன்னிசா என்ற பெண் குழுவில் கேட்டிருந்தாள். வாணியம்பாடிக்காரி. அவள் மகனுக்குத் தலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏற்றினால்தான் பிள்ளை எழுந்து நடமாடுவான். அவனைப் போன்ற பிள்ளைகளுக்காக, ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் வீடு வீடாகப் போய்க் கேட்டு, நோட்டில் எழுதாமல் போனிலேயே நேராக ஏற்றி, தானே ஓர் இணையதளம் அமைத்திருந்தாள்.

'பக்கம் திறக்க ரொம்ப நேரம் ஆகுது சார். என்ன செய்யலாம்?'

தணிகைவேல் எழுதினார்: 'பேர் இருக்கிற டேபிளையே அழிச்சிடுங்க மேடம். பக்கம் பறக்கும்.'

கீழே, பெயர்ப் பட்டியல் முழுவதையும் அழிப்பதற்கான கட்டளையையும் போட்டார். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. கடைசியில் சிரிக்கும் முகம் ஒன்று.

குழுவே சிரித்தது.

மெஹருன்னிசா அழித்துவிட்டாள்.

"சிரிக்கிற பொம்மை போட்டிருந்தேனே டீச்சர். பார்த்தாலே விளையாட்டுன்னு தெரியாதா?"

ரெஜினா தன் போனை நீட்டினாள். மெஹருன்னிசா அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட். அவளுடையது பழைய போன். புதிதாக வந்த பொம்மைகள் அதில் தெரியாது. சிரிக்கும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலிக் கட்டம் இருந்தது.

கட்டளை தெளிவாகத் தெரிந்தது.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: 'சார் சொன்னபடியே செஞ்சேன் டீச்சர். இப்ப பக்கம் உடனே திறக்குது. பேரெல்லாம் எப்ப திரும்ப வரும்? சனிக்கிழமை பையனுக்கு ரத்தம் ஏத்தணும்.'

தணிகைவேல் இரண்டு தடவை படித்தார்.

"பேக்கப் எடுத்து வச்சிருப்பாங்களே?"

"இல்லை. சர்வர் கம்பெனியிலயும் கேட்டுட்டேன்."

அவர் உட்கார்ந்தார்.

"குழுவுல அந்த மெசேஜை நான் அழிச்சுட்டேன் டீச்சர்," என்றார்.

"அவங்களும் அழிச்சுட்டாங்க."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் குழுவை விட்டுப் போயிடறேன்."

"போயிட்டா அவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"நீங்க சொல்லுங்க டீச்சர்."

"அவங்க நம்பினது உங்களைத்தாண்ணே."

அவர் போனை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதினார், திருத்தினார், மறுபடி எழுதினார். கடைசியில் ரெஜினாவிடம் காட்டினார்.

'மேடம், நான் சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன். கூடவே சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தேன். உங்க போன் பழசுங்கறதால...'

ரெஜினா போனை வாங்கினாள். கடைசி வார்த்தையிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள். 'மேடம், நான்' என்பதோடு நிறுத்தி, போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் அந்த இரண்டு வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெஹருன்னிசாவின் நம்பரை அழுத்தினார்.

"மேடம், நான் தணிகைவேல்."

"சார், நீங்களா? உங்களுக்குத்தான் மெசேஜ் போடலாம்னு இருந்தேன். பேரெல்லாம் வந்துடும்ல சார்?"

"வராது மேடம்."

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது.

"நான் ஏதாவது தப்பா செஞ்சுட்டேனா சார்?"

"நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. நான் சொன்னதுதான் தப்பு. பேரெல்லாம் போயிடுச்சு. என்னாலதான் போச்சு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எதையோ தேடி இழுக்கும் சத்தம் கேட்டது.

"சரி சார். இப்ப நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

தணிகைவேல் நிமிர்ந்து ரெஜினாவைப் பார்த்தார். அவள் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தான் எதைச் சொன்னாலும் இந்தப் பெண் எழுதிக்கொள்வாள் என்று முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். எழுதுங்க."

"சொல்லுங்க சார்."

"தணிகைவேல். ஓ பாசிட்டிவ்."