வெறும் சூடு

கோவையில் சத்தி சாலையை ஒட்டி, உலோகச் சாமான்கள்மேல் நிறப் பவுடரைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை இருந்தது. காளீஸ்வரி என்பவள் அதை நடத்திவந்தாள். ஒருநாள் காலையில் அங்கே ஒரு காரின் நான்கு அலாய் சக்கரங்களும் ஒரு லோயர் ஆர்மும் வந்து இறங்கின. லோயர் ஆர்ம் என்றால் வேறொன்றுமில்லை, சக்கரத்தை வண்டியோடு இழுத்துப் பிடித்திருக்கும் அலுமினியக் கை. சக்கரத்தை ஊரே பார்க்கும். ஆர்மை மெக்கானிக் மட்டும்தான் குனிந்து பார்ப்பான்.

மணலடித்துப் பழைய பெயின்ட்டை உரித்தாயிற்று. சூட்டில் கருகிப்போகும் என்று ஆர்மிலிருந்த ரப்பர் புஷ்களைக் காளீஸ்வரி முன்பே கழற்றி வைத்திருந்தாள். சக்கரங்களில் நட்டு உட்காரும் குழிகளை மட்டும் அடைப்பான் செருகி மூடினாள். முதல் சக்கரத்துக்குப் பொறுக்கவில்லை.

“இந்தக் குழியில் மட்டும் பவுடர் படக்கூடாதாம். மாப்பிள்ளை அலங்காரத்தில் பாதி மீசையை மழித்த மாதிரி இருக்காதா?” என்றது.

பக்கத்து டப்பாவில் கிடந்த நட்டு சிரித்தது. “குழியிலும் பவுடர் இருந்தால் நான் உன்னையா பிடிப்பேன்? பவுடரைத்தான் பிடிப்பேன். நாலு நாளில் அது நசுங்கும், நான் தளர்வேன். அப்புறம் வண்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.”

மற்ற மூன்று சக்கரங்களும் சேர்ந்து சிரித்தன. ஆர்ம் மட்டும் சிரிக்கவில்லை. அதன் கவலை அதற்கு.

போன மழையில் வண்டி ஒரு குழியில் இறங்கியபோது ஆர்மின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டிருந்தது. அதற்குள் ஒரு சொட்டு எண்ணெய் புகுந்து குடியிருந்தது. மணலடித்ததில் விரிசலின் வாய் மூடிவிட்டதால் இப்போது யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

தொட்டியிலிருந்த வெண்கல நிறப் பவுடருக்கு மட்டும் அது எப்படியோ தெரிந்திருந்தது. “கவலைப்படாதே. நான் ஒருமுறை படிந்து உருகினால் போதும். பெற்ற தாய்க்கும் உன் காயம் தெரியாது” என்று குழைந்தது.

அந்த நேரம் பார்த்துக் காரின் சொந்தக்காரன் நவநீதன் வந்து சேர்ந்தான்.

“அக்கா, இன்னிக்கே மாட்டோணுங்க. நாளைக்கு வால்பாறைல தங்கச்சிக்கு வளைகாப்பு. முடிச்சு, புள்ளத்தாச்சியக் கூட்டிட்டு மலை இறங்கோணும். அந்த மொத சூட்ட உட்டுட்டு நேரா பவுடர் அடிச்சுருங்க.”

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பவுடர் அடிப்பதற்கு முன் உருப்படியை வெறுமனே ஒரு தடவை ஓவனில் வைத்து எடுப்பார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணெயும் அழுக்கும் அந்தச் சூட்டில் வெளியே கசிந்துவிடும். வெறும் சூடு என்று அதற்குப் பெயர்.

“வெறும் சூடு வெக்காம இங்கிருந்து ஒரு சாமானும் வெளிய போனதில்லைங் தம்பி.”

“அப்ப தீயையாச்சும் ஏத்தி வெச்சுச் சுருக்கா முடிங்க.”

“அலுமினியத்துக்குச் சூடு மிஞ்சுனா வலு போயிருமுங்க. பாக்கறதுக்கு அப்படியேதான் இருக்கும். நீங்க ஒக்காருங்க, டீ சொல்றேன்.”

புள்ளத்தாச்சி என்ற சொல் ஆர்முக்குள் இறங்கிவிட்டது. எத்தனை கொண்டை ஊசி வளைவு, எத்தனை பிரேக்கு, எத்தனை பள்ளம் என்று அது நினைத்துப் பார்த்தது. எந்தத் திருப்பத்தில் தன் கழுத்து ஒடியும் என்று அதற்கே தெரியாது. ஒடியும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

கொக்கியில் மாட்டி ஓவனுக்குள் தள்ளினார்கள். ஓவன் கண்டிப்பான பேர்வழி. “சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடு. அடுத்த தடவை நீ பவுடரோடு வருவாய். அப்போது உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்துப் பூட்டுவதுதான் என் வேலை” என்றது.

சூடு ஏற ஏற விரிசல் மெல்ல வாய் திறந்தது. எண்ணெய்ச் சொட்டு நடுங்கியது.

“நான் அடியில் ஒட்டிக்கொள்கிறேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு இரு. கொஞ்ச நேரந்தானே” என்றது.

“வேண்டாம். வெளியே போ.”

“நான் போனால் உன்னைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவார்கள்.”

“தெரியும்.”

“உனக்குப் பயமாக இல்லையா?”

“பயமாகத்தான் இருக்கிறது. போ.”

ஓவனைத் திறந்தபோது ஆர்மின் வெளுத்த கழுத்தில் கறுப்பாக ஒரு கோடு கசிந்திருந்தது. காளீஸ்வரி வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி சூட்டில் வைத்தாள். ஆர்ம் மிச்சமிருந்ததையும் உள்ளே வைக்காமல் வெளியே தள்ளியது. அதே இடத்தில் அதே கோடு வந்தது. அவள் நவநீதனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“பவுடர் அடிச்சா மூடிக்குமில்லீங்களாக்கா?”

“நல்லாவே மூடிக்குமுங்க. அதனாலதான் அடிக்க மாட்டேன்.”

அவனுக்குக் கோபம் வந்தது. குனிந்து கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“அவளப் பின் சீட்டுல படுக்க வெச்சுக் கூட்டியாரலாம்னு இருந்தேனுங்க” என்றான் மெதுவாக. பிறகு புது ஆர்ம் வாங்கக் கடைக்குக் கிளம்பினான்.

வேறு யாரும் எடுத்து எந்த வண்டியிலும் மாட்டிவிடக் கூடாது என்று காளீஸ்வரி பழைய ஆர்மை இரண்டாக அறுத்தாள். விரிசலுக்கு ரம்பம் வந்தபோது அதை நிறுத்திக் குனிந்து பார்த்தாள். முக்கால்வாசி அங்கே ஏற்கெனவே அறுந்துதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து கை நிறைய வளையலோடு நவநீதனின் தங்கை இறங்கினாள். வளைகாப்பில் போட்ட கட்டுச்சோற்று விருந்தில் ஒரு பங்கைக் காளீஸ்வரியின் கையில் கொடுத்தாள். வந்தவர் போனவரெல்லாம் வெண்கலமாய் ஜொலித்த சக்கரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். முதல் சக்கரத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

தொட்டியிலிருந்த பவுடர், குப்பையில் இரண்டு துண்டாகக் கிடந்த ஆர்மை எட்டிப் பார்த்தது.

“என் பேச்சைக் கேட்டிருந்தால் நீயும் இந்நேரம் மின்னியிருப்பாயே.”

“மின்னியிருப்பேன்தான்” என்றது ஆர்ம். “அவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள்.”