அடி தெரியாத சீனத் தட்டு

ஒரு ஊர்ல ஒரு தட்டு இருந்துது. ராஜா இல்ல, ராணி இல்ல, தட்டுதான். ம் கொட்டு, அப்பதான் மேல சொல்லுவேன்.

"ம்."

கடலுக்கு அந்தாண்ட பாரசீகம்னு ஒரு தேசம். அங்க ஒரு குயவர் தெரு. தெருவுக்கே சேர்த்து ஒரே ஒரு சீனத் தட்டு. பால் மாதிரி வெள்ள, ஓரத்துல நீலமா கொடியும் பூவும். நகத்தால சுண்டினா டிங்ங்குனு பாடும். பீபி ஸரின்னு ஒரு கிழவி, அவ புருஷன் எப்பவோ துறைமுகத்துல வாங்கிட்டு வந்தது. தெருவுல எந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்னாலும் மாப்பிள்ளை வீட்டுக்கு மொதச் சோறு அந்தத் தட்டுலதான். தட்டு வரலன்னா பொண்ணை அழைச்சிட்டுப் போக மாட்டாங்க.

அதோட, தட்டோட அடி தெரியவே கூடாது. தெரிஞ்சா சோறு பத்தலன்னு பொண்ணு வீட்டுக்கு அவமானம். அதனால எடுக்க எடுக்கக் கொட்டிக்கிட்டே இருப்பாங்க. விருந்து முடிஞ்சதும் மிச்சச் சோத்தோடயே தட்டு பீபி வீட்டுக்குப் போயிடும்.

அப்புறம், யாகூப்னு ஒரு குயவர், அவருக்கு மாபானுன்னு ஒரு மக. தட்டுல பூ எழுதுறதுல கெட்டிக்காரி. ஆனா நடக்கறப்ப கீழ பாக்க மாட்டா, உன்ன மாதிரி. ஒரு கல்யாணம் முடிஞ்சு அவதான் தட்டைத் தலையில வச்சு எடுத்துட்டுப் போனா. எதிர்ல ஒரு கழுதை வந்துதா, இவ ஒதுங்கினாளா, சர்ருனு கால் வழுக்கி, சலார். ஓரமெல்லாம் துண்டு துண்டாக் கெடந்துது. நடுவுல கழுதை ஏறிடுச்சு. மொறுக், மொறுக். பொடிதான் மிச்சம்.

அடுத்த மாசம் அவ சிநேகிதி சிமினுக்குக் கல்யாணம். வேற தட்டு வாங்கலாம்னா, சீனாவுல ஏதோ சண்டையாம், கப்பலே வரல.

சிமின் அழல. "நீயே ஒண்ணு பண்ணுடி. எனக்கு வேற யாரு இருக்கா?" அவ்ளோதான் சொன்னா. அவ அழுதிருந்தாக்கூடத் தேவலன்னு இருந்துது மாபானுவுக்கு.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

அப்போ மாபானு களிமண்ணை எடுத்துத் தட்டு வனைஞ்சா, மேல வெள்ளையப் பூசினா, சுட்டா. சுண்டினா டொக்குங்குது. அப்பா தூக்கிப் பாத்தாரு. "கூரைக்கு ஓடா ஆகும்"னுட்டாரு. அப்புறம் ரெண்டாவது தட்டு. வெள்ளைக்கல்லைக் கடகடன்னு அரைச்சு, கண்ணாடிப் பொடி சேத்து, ஒரு கை வெள்ளை மண்ணும் போட்டுப் பிசைஞ்சா. நல்ல வெள்ள வந்துது. ஆனா கொடியும் பூவும் எழுதிச் சுட்டுட்டு சூளையைத் திறந்தா, நீலமெல்லாம் ஒழுகி, கொடி எது பூ எதுன்னு தெரியல. அழுத கண்ணு மையாட்டம்.

"அப்பா, நீலம் ஏன் ஓடுது?"

"வேலி போடாத ஆடு ஓடத்தான் செய்யும். மொதல்ல கறுப்புல சன்னமா கோடு இழு. உள்ள நீலத்தை விடு."

அது சரிதான். ஆனா மூணாவது தட்டுல நடுவுல என்ன எழுதறது? பழைய தட்டோட நடுவை யாருமே முழுசாப் பாத்ததில்லையே. தெருவுல போய்க் கேட்டா. "மீனு. செதில் நான் பாத்தேன்"னான் ரொட்டிக்காரன். "மேகம்டி, சுருள் சுருளா"ன்னா பக்கத்து வீட்டுக்காரி. பீபி ஸரின் கண்ணுல பூ விழுந்து எத்தனையோ காலமாச்சு. அவ யோசிச்சு யோசிச்சு, "பாம்பு. ஆனா கால் இருந்துது. தாடியும் இருந்துது"ன்னா.

கால் வச்ச பாம்பை மாபானு எங்க பாத்தா? பாம்புக்குச் செதில் போட்டா, பூனைக் கால் வச்சா, தன் வீட்டு ஆட்டைப் பாத்துத் தாடி எழுதினா, சுத்தி மேகத்தைச் சுருட்டி விட்டா. சூளையில குபுகுபுன்னு நெருப்பு.

காலப் போர்வைக்குள்ள இழு, கொசு கடிக்கும்.

அப்புறம் கல்யாண நாள். மாப்பிள்ளையோட அத்தை ஃபரங்கீஸ் வந்து உக்காந்தா. நாக்கு கத்தரிக்கோல். சோறு மலையாட்டம் குமிச்சிருக்கு. அவ ஓரத்தைச் சுண்டினா. ணங்.

"சீனத் தட்டோட சத்தம் இது இல்லையே."

மாபானு முன்னால வந்தா. "அது உடைஞ்சுடுச்சும்மா, என் கையாலதான். இது நான் பண்ணினது."

"அப்ப பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

சிமின் முகம் வெளுத்துப் போச்சு. மாபானு விடல. "நடுவுல என்ன இருக்குன்னாவது பாத்துட்டுப் போங்க."

"என்ன இருக்கு?"

"எனக்கே சரியாத் தெரியாது."

ஃபரங்கீஸுக்கு இருப்புக் கொள்ளல. சோத்தைத் தள்ளிப் பாக்கலாமா? சிந்தினா பாவம். அள்ளி வாயிலதான் போடணும். அள்ளினா, போட்டா. சிமினோட அம்மா வழக்கப்படி கரண்டியோட கொட்ட வந்தாங்க. சிமின் அந்தக் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

"இது யாரு காலு?"

"பூனைக்கால்."

அள்ளினா, போட்டா. லபக், லபக். "இந்தத் தாடி?"

"எங்க வீட்டு ஆட்டோடதும்மா."

ஃபரங்கீஸுக்குச் சிரிப்பு தாங்கல, புரை ஏறிடுச்சு. "சீனாக்காரன் பாத்தா என்ன சொல்லுவான்?"

யாகூப் மெதுவாச் சொன்னாரு: "அவன் எழுதுற நீலத்துக்குக் கல்லே நம்ம மலையிலேருந்துதான் போச்சு. ஆடும் நம்முளுதா இருந்துட்டுப் போகட்டும்."

அதுக்குள்ள தட்டு காலி. ஒரு பருக்கை இல்ல. கண்ணு தெரியாத பீபி ஸரின் மூலையிலேருந்து கேட்டா, "ஃபரங்கீஸ், எல்லாத்தையும் தின்னுட்டியா? உப்பு போட்ட சோறாச்சே."

அந்த ஊர்ல ஒரு வீட்டு உப்பைத் தின்னா, அந்த வீட்டுக்கு இல்லன்னு சொல்லக் கூடாது. ஃபரங்கீஸ் விரலைப் பாத்தா, தட்டைப் பாத்தா. தாடி வச்ச பாம்பு அவளையே பாத்துது.

"கை கழுவத் தண்ணி குடுங்க"ன்னா. "பொண்ணுக்குச் செருப்பு எடுத்து வைங்க. வெயில் ஏறறதுக்குள்ள கெளம்பணும்."

ம் சொல்லு.

சொல்லலையா? சரி. பொண்ணு போயிட்டா புருஷன் வீட்டுக்கு, கதை போயிடுச்சு அவ பின்னாடி. நீ தூங்கு.