வெள்ளைத் துணியும் வெளிமானும்

மலைக்காட்டில் பொம்மனை மிஞ்சிய வேட்டைக்காரன் கிடையாது. தலை நரைத்த பிறகும் அவன் காலடியில் சருகு சத்தம் போடாது. ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்து ஊர் மண்ணுக்குள் போனது. மிஞ்சிய குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கி வந்தான்.

அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான். யாருக்கும் சொந்தமில்லாத நிலம். யார் வேண்டுமானாலும் வேட்டையாடலாம். வெளிமான்கள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன என்று வழியில் கண்டவர்களெல்லாம் சொன்னார்கள். பொம்மன் கண்ணில் ஒரு குட்டிகூடப் படவில்லை. கொண்டுவந்த தினையோ தீர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் வேட்டைக்குப் பேர் போனவள் நாச்சி. அவனைவிட மிகவும் இளையவள். பொம்மன் அவளைத் தேடிப் போய் வில்லைக் கீழே வைத்தான்.

"எனக்குக் கத்துக்கொடுங்க, அம்மா."

"வில் பிடிக்கத் தெரியாதா, அண்ணே?"

"அது தெரியும். மான் எங்கே இருக்குன்னுதான் தெரியல."

"காலையில வாங்க. உங்க வழக்கப்படி தேடுங்க. நான் கூட வரேன்."

காலையில் பொம்மன் காற்றுக்கு எதிராக நடந்தான். வறண்ட ஓடை ஒன்று குறுக்கிட்டதும் அதற்குள் இறங்கிக் குனிந்துகொண்டான். மலையில் அப்படித்தான் பழக்கம். நாச்சியோ கரைமேல் நிமிர்ந்து நடந்து வந்தாள்.

"குனிங்க அம்மா! மான் பார்த்துடும்."

"உங்களுக்கு மான் தெரியுதா?"

"பள்ளத்துக்குள்ளேருந்து எப்படித் தெரியும்?"

அவள் நிமிர்ந்தபடியே நடந்துகொண்டிருந்தாள். பொம்மன் இன்னும் கொஞ்ச தூரம் குனிந்தபடியே போனான். பிறகு நின்றான். மெல்லக் கரையேறி வந்தான்.

மொட்டை மேடு ஒன்றில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை. துணியில்லாமல் சந்தையில் நிற்பதுபோல் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"அதோ பாருங்க," என்றாள் நாச்சி.

"அது கரையான் புத்து."

"புத்து வாலாட்டுமா?"

பொம்மன் கண்ணைச் சுருக்கினான். ஒரு புற்று எழுந்து நின்று உடம்பை உதறியது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் ஒரு மந்தையே இருந்தது. எல்லாம் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"எப்போதிருந்து பாக்குதுங்க?"

"நீங்க ஓடையில இறங்கறதுக்கு முன்னாடியிருந்து."

அவனுக்குப் பொறுக்கவில்லை. வில்லை எடுத்துக்கொண்டு புல்லில் ஊர்ந்து போனான். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டான். மந்தை துள்ளியது, புழுதிதான் மிச்சம். முழங்கை சிராய்த்துத் திரும்பி வந்தான். நாச்சி தண்ணீர்க் குடுக்கையை நீட்டினாள்.

மான்கள் வெகுதூரம் போகவில்லை. நின்று திரும்பிப் பார்த்தன.

நாச்சி தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தாள். மேட்டுக்குப் பின்னால் மல்லாந்து படுத்துக்கொண்டு, கையை மட்டும் உயர்த்தித் துணியை ஆட்டினாள். நிறுத்தினாள். மறுபடி ஆட்டினாள். பொம்மன் அவள் பக்கத்தில் வில்லோடு மண்டியிட்டு, மேட்டுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கறுத்த ஆண்மான் ஒன்று மந்தையை விட்டுப் பிரிந்தது. நாலடி வந்தது; நின்றது; காலால் தரையைத் தட்டியது. ஓடப்போவதுபோல் திரும்பி, மறுபடி வந்தது. நெருங்க நெருங்க அதன் முறுக்குக் கொம்பு தெரிந்தது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தது. ஈர மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. மலையில் அவன் இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை.

நாச்சியின் கை வலித்தது. அவள் மாற்றுக் கையால் துணியை ஆட்டினாள். அந்தக் கையும் ஓய்ந்த பிறகுதான் நாண் அதிர்ந்தது.

ஒரே அம்பு.

தோலுரித்துக் கறியைப் பங்கு போட்டார்கள். பெரிய பங்கை நாச்சி அவன் பக்கம் தள்ளினாள். இன்று அவன் கூட்டிவந்த குடும்பங்களின் கூடாரங்களில் எல்லா அடுப்பும் எரியும். ஆனாலும் பொம்மனுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

"இத்தனை கூரான கண்ணு. இத்தனை வேகமான காலு. ஓடியிருந்தா உயிர் தப்பியிருக்கும்," என்றான். "ஒரு கந்தைத் துணியைப் பார்க்கவா வரணும்? கிறுக்கு மிருகம்."

நாச்சி இலையில் கறியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அம்பு எட்டற தூரத்துக்கு அது எப்போ வந்துச்சு, அண்ணே? நீங்க எப்போ விட்டீங்க?"

கொம்பையும் கண் வளையத்தையும் பார்த்துக்கொண்டே அம்பு விட மறந்திருந்தது பொம்மனுக்கு அப்போதுதான் உறைத்தது.