கதவைக் கழற்றிய நாள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஒரு சின்னத் தீவு. இன்று அங்கே யாரும் இல்லை. பல நூறு வருடங்களுக்கு முன் எர்னன் என்ற கிறிஸ்தவத் துறவியும் அவருடைய ஒரே சீடர் கோல்மனும் அங்கே வாழ்ந்தார்கள். சீடர் குருவைவிட ஆறு வயது மூத்தவர். அதனால் குரு அவரை "அண்ணா" என்றே கூப்பிடுவார்.

கோல்மன் தன் கையாலேயே ஒரு சிறிய கோயில் கட்டியிருந்தார். மரமே முளைக்காத தீவு அது. கதவுக்கான பலகைகள் அலையில் ஒதுங்கி வந்து சேர நான்கு வருடம் காத்திருந்தார்.

ஓர் அறுவடைக் காலத்தில், எதிர்க்கரையிலிருந்து மோர்னா என்ற பெண் ஓராள் மட்டுமே உட்காரக்கூடிய தோல்படகில் வந்தாள்.

"புயலில் எங்கள் ஆண்கள் ஏழு பேரும் கடலோடு போய்விட்டார்கள், சாமி. பார்லி முற்றி நிற்கிறது. மழை வருவதற்குள் அறுக்காவிட்டால் குளிர்காலத்தில் பிள்ளைகள் பிழைக்காது."

"நீ முன்னால் போ அம்மா. நாங்கள் வருகிறோம்," என்றார் எர்னன்.

அவள் போனதும் தங்கள் பழைய படகைப் புரட்டிப் பார்த்தார்கள். அடிப்பலகை உளுத்துப் போயிருந்தது. எர்னன் உளியை எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனார். கதவைக் கழற்றத் தொடங்கினார்.

கோல்மன் ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். "குருவே, இது ஆண்டவர் வீட்டுக் கதவு!"

"ஆமாம் அண்ணா. அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். கனக்கிறது."

கோல்மன் அசையவில்லை. எர்னன் உளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து கோல்மனே அதை எடுத்து, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

மறுநாள் காலை, கதவுப் பலகைகளால் அடியைச் சரிசெய்த படகைக் கடலில் இறக்கினார்கள். எர்னன் இரண்டு ஆடுகளையும் ஏற்றினார்.

"ஆடுகள் எதற்கு? நாம் திரும்பி வரமாட்டோமா?"

"ஏழு வீட்டுப் பிள்ளைகளும் ஆளாக வேண்டும் அண்ணா. அதுவரை பால் வேண்டாமா?"

கோல்மனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுங்கள் அண்ணா. துடுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்."

பாதி தூரம் போனதும் கோல்மன் கேட்டார்: "இனி அந்தத் தீவில் ஆண்டவரைப் பாட யார் இருக்கிறார்கள்?"

பின்னால் தீவிலிருந்து கடற்பறவைகளின் கூச்சல் வந்துகொண்டிருந்தது. எர்னன் சிரித்தார்.

"கேட்கிறதா அண்ணா? நம் பாட்டை இவை இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டன."