மின்மினிகளுக்குக் கொடுத்த இருட்டு

அந்தக் காலத்தில் மின்மினிகளுக்குப் பேச்சு இருந்தது. ஆனாலும் அவை அதிகம் பேசியதில்லை. சிறகு முளைத்து மண்ணைவிட்டு வெளியே வந்தபின் மூன்று வாரம்தான் அவற்றுக்கு ஆயுள். அதற்குள் ஆண் தன் துணையைக் கண்டுபிடிக்க வேண்டும், பெண் முட்டையிட வேண்டும். ஆண்கள் புல்லுக்கு மேலே பறந்து தேடும். பெண்கள் புல்நுனியில் உட்கார்ந்து காத்திருக்கும். இரண்டின் வெளிச்சமும் விளக்குப்போல ஒரே சீராக எரியும். அதைப் பார்த்துத்தான் ஒன்றை ஒன்று அறிந்துகொள்ளும்.

மலையடிவாரத்தில் ஓர் ஓடை. அதன் மேற்குக் கரையில் பன்னிரண்டு குடிசைகள். அவற்றில் ஒன்றில் சடையனும் அவன் மனைவி மாராயியும் எருமைகளை வைத்துப் பிழைத்தார்கள். நான்கு வருடமாகப் பிள்ளை இல்லாமல் இருந்து, ஐந்தாம் வருடம் கோடை முடியும் சமயத்தில் மாராயிக்கு வலி கண்டது. அன்று பொழுது சாயும்போதே மலைமேல் நல்ல மழை. மருத்துவச்சி குப்பாச்சியின் வீடு கிழக்குக் கரையில் இருந்தது. நடுவே ஓடை பொங்கிக்கொண்டிருந்தது.

சடையன் பந்தம் கொளுத்திப் பார்த்தான். துணி நனைந்து பற்றவில்லை. எதிர்க்கரையில் குப்பாச்சி நின்று கத்தினாள்.

"கல்லு எது, தண்ணி எதுன்னு தெரியலையே சடையா! எங்கே காலை வைப்பேன்?"

குடிசையிலிருந்து மாராயியின் அலறல் கேட்டது. சடையன் கோரைப் புல்லில் மண்டியிட்டு அழுதான். அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மின்மினி இருந்தது.

"எதுக்கு அழறே?" என்று கேட்டது. அவன் சொன்னான்.

அது புல்நுனிக்கு ஏறியது. பிறகு கரை முழுக்கக் கேட்கும்படி, "எல்லாரும் கல்லுக்கு வாங்க" என்றது.

முட்டை சுமக்கும் பெண் பூச்சிகளுக்குப் பறப்பது பெரும்பாடு. அப்படியும் பறந்தன. ஓடையின் குறுக்கே கிடந்த ஒவ்வொரு கல்லிலும் போய் ஒட்டிக்கொண்டன. அலை அடித்துக்கொண்டு போனவற்றின் இடத்தில் வேறு பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. குப்பாச்சி அந்த வெளிச்சத்தில் கல் கல்லாகக் கால் வைத்து இக்கரை வந்து சேர்ந்தாள். விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. பாவாயி என்று பெயர் வைத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் சடையன் கரைக்கு வந்து கைகூப்பினான். "உங்களுக்கு நான் என்ன செய்யணும், சொல்லு தாயி."

"எங்களுக்கு இருட்டு வேணும்" என்றது அந்த மின்மினி. "பெரிய வெளிச்சம் பக்கத்துல நின்னா, எங்க வெளிச்சம் எங்க ஆளுக்குத் தெரியாது. இந்தக் கரையில பந்தம் வைக்காதே."

"வைக்க மாட்டேன். ஊர்க்காரங்களையும் வைக்க விடமாட்டேன்."

அந்த வாக்கை அவன் ஏழு வருடம் காப்பாற்றினான்.

ஏழாம் வருடம் ஐப்பசியில், பொழுது மசங்கின நேரத்தில், கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டு பாவாயி கரைக்கு இறங்கினாள். கோரைக்குள் கிடந்த பாம்பை மிதித்துவிட்டாள். மாராயி தூக்கிக்கொண்டு ஓடினாள். குப்பாச்சி தெரிந்த பச்சிலையையெல்லாம் அரைத்துப் போட்டாள். எந்தக் கையில் பிறந்ததோ அந்தக் கையிலேயே பிள்ளை கண்ணை மூடியது.

சடையன் மாதக்கணக்கில் யாரோடும் பேசவில்லை. அடுத்த கோடை முடியும்போது மூங்கில் வெட்டினான். நாற்பது பந்தம் கட்டி, இலுப்பை எண்ணெயில் முக்கி, கரை நெடுகிலும் நட்டுக் கொளுத்தினான். ஊர்க்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். காலடியில் கிடப்பது தெரிந்ததே! ஆளுக்குக் கொஞ்சம் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

அந்த வருடத்து மின்மினிகள் மண்ணிலிருந்து வெளியே வந்தன. ஆண்கள் பந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. சில கருகி விழுந்தன. பெண்கள் புல்லில் எரிந்துகொண்டே இருந்தன. ஓர் ஆணும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெண் மின்மினி சடையன் வாசலுக்கு வந்தது.

"சடையா, நீ குடுத்த வாக்கு என்ன ஆச்சு?"

"எம்புள்ளை உங்க இருட்டுல செத்துச்சு" என்றான் அவன். "அன்னிக்கு ஒரு வெளிச்சம் காட்ட உங்கள்ல ஒருத்திக்குக்கூட மனசு வரலையா? எங்கே போயிருந்தீங்க?"

"ஐப்பசியில எங்களுக்குச் சிறகே இல்லை. மண்ணுக்குள்ள புழுவாக் கிடந்தோம். நத்தையைத் தின்னு வளர்ந்துக்கிட்டு இருந்தோம்."

மின்மினி இன்னும் கிட்டே வந்தது.

"உன்கிட்ட வாக்கு வாங்கினவ அந்த வருசமே செத்துட்டா. அப்புறம் ஒவ்வொருத்தியும் சாகறதுக்கு முன்னால முட்டைகிட்டச் சொல்லிட்டுத்தான் போனா, இந்தக் கரை இருட்டா இருக்கும், பயப்படாம வாங்கன்னு. நாங்களும் நம்பி வந்தோம்."

"போயிடு" என்றான். அது போய்விட்டது.

உள்ளே படுத்திருந்த மாராயிக்கு எல்லாம் கேட்டது. அவளுக்கும் ஆத்திரம் ஆறியிருக்கவில்லை. எழுந்து வரவில்லை. ஆனால் தினமும் எருமைக்குப் புல் அறுக்கப் போகும்போது, புல்லடியில் ஒளி மங்கிச் செத்துக்கிடந்த பூச்சிகளைப் பார்த்தாள். நாளுக்கு நாள் அதிகமாகக் கிடந்தன. பதினெட்டாம் நாள் பந்தம் ஏற்றியதும் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள். நீர் மொண்டு ஒவ்வொரு பந்தமாக அணைத்தாள்.

சடையன் ஓடி வந்து குடத்தைப் பிடித்தான். "பைத்தியமா உனக்கு? வெளிச்சம் இருந்திருந்தா நம்ம புள்ளை அந்தப் பாம்பைப் பார்த்திருப்பா!"

"பார்த்திருப்பா. அப்படின்னா நடக்குற பாதையில ஒண்ணு வை, வாசல்ல ஒண்ணு வை. கரை பூரா எதுக்கு வெச்சே? இதுகளை அழ வெச்சா நம்ம அழுகை தீருமா?"

அவன் குடத்தை விட்டான். இத்தனை மாதமும் அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. வெகுநேரம் அழுதான். பிறகு குடத்தை வாங்கி மிச்சப் பந்தங்களை அவனே அணைத்தான்.

இருட்டு திரும்பியது. ஆனால் மின்மினிகளின் மூன்று வாரம் முடியவிருந்தது. உயிரோடு மிஞ்சியவை கொஞ்சம். அவற்றுக்கும் சீராக எரியத் தெம்பில்லை. ஓர் ஆண் பூச்சி ஒரு கணம் எரிந்து அணைந்தது. சடையனும் மாராயியும் பார்த்தார்கள். மறுபடி எரிந்து அணைந்தது. நெடுநேரம் கழித்துக் கோரைக்குள்ளிருந்து ஒரே ஒரு பெண் பூச்சி மினுக்கென்று பதில் சொன்னது. அந்தக் கரையில் அன்று கிடைத்த பதில் அது ஒன்றுதான்.

"தாயி" என்று கூப்பிட்டான் சடையன். எதுவும் வாய் திறக்கவில்லை.

மின்மினி மனிதரோடு பேசாமல் போனதும், விட்டுவிட்டு எரியத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான். ஒருமுறை எரிந்து கேட்கிறது, அணைந்து பதிலுக்குக் காத்திருக்கிறது. கோடை மழை விழுந்தபின், விளக்கு எட்டாத ஓடைக்கரையிலும் ஈரம் காயாத புல்லிலும் போய் நின்றால்தான் இன்று அதைப் பார்க்க முடியும். விளக்குக் கம்பம் வந்த கரையிலும் அது கேட்டுக்கொண்டுதான் போகிறது. புல்லிலிருந்து வரும் பதில் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அடுத்த வருடம் அந்தக் கரையில் மின்மினி இன்னும் கொஞ்சம் குறைந்துவிடுகிறது.