கடுகளவு விசுவாசம் யாரு?

ஒரு ஊருல, ஊருன்னா பெருசா நெனச்சுக்காதீங்க, நாப்பது வீடும் ஒரு மலையும்தான், அங்க விசுவாசம்னு ஒரு பொம்பள இருந்தாளாம். ஆளு ரொம்பக் குள்ளம், அதனால ஊரே அவள 'கடுகு'ன்னுதான் கூப்பிடும். கரப்பான்பூச்சிக்குப் பயம், இடிக்குப் பயம், தனக்கே விக்கல் எடுத்தா அந்தச் சத்தத்துக்கும் பயம். சிரிக்காதீங்க, ஒங்களுக்குப் பல்லின்னா பயமில்லையாக்கும்!

அந்த ஊரு ராசாவுக்கு ஒரே புழுக்கம். அரமணைக்கு வர்ற காத்த அந்த மலை மறைச்சிக்கிட்டு நிக்குது. ஒரு நாள் அவரு வேதக்கோயில், அதான் சர்ச்சு, அந்தப் பக்கமாப் போறப்ப, உள்ள உபதேசியாரு பிரசங்கம் பண்றது காதுல விழுந்துச்சு: "கடுகளவு விசுவாசம் போதும், மலையே நகரும்!"

ராசா அப்படியே நின்னுட்டாரு. "யாருய்யா அந்தக் கடுகளவு விசுவாசம்?"

கூட வந்த காவக்காரன் கை காட்டுனான். "அந்தா, கடேசி வரிசையில ஒக்காந்திருக்கு ராசா."

"ஏ பொம்பள! வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள மலைய நகத்திப்புடணும். இல்ல, ஒன் குடிசையப் பிரிச்சுட்டு ஊர விட்டே தொரத்திப்புடுவேன்!"

"ஐயோ ராசா, அது வேற விசுவாசம்..."

"வேற ஆளு மேல தள்ளிவிடாத!"

கடுகுக்குப் பயத்துல காதுல கெடந்த தோடு கூட நடுங்குது. வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டா. "ஆண்டவரே, எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு குடிசைதான். மலைய நீரு பாத்துக்கிடும். எனக்குப் பயமா இருக்கு, கூடவே இரும்"னா. அப்புறம் நேரா அரமணைக்குப் போனா. ஆண்டவரு நகத்திருவாருன்னு நம்பிட்டாள்ல, எங்க வைக்கன்னு கேக்கணுமா இல்லையா?

"ராசா, மலைய எந்தப் பக்கம் நகத்தச் சொல்லட்டும்?"

"கெழக்க!"

"கெழக்க ஒங்க அரமணை இருக்கே ராசா."

"அப்ப வடக்க!"

"வடக்க ஒங்க நெல்லுக் களஞ்சியம் இருக்கே ராசா."

"அப்ப தெக்க!"

"தெக்க ஒங்க மாமியா வீடு இருக்கே ராசா."

ராசா மொகம் மலந்துச்சு. "அடடே, அதான் சரியான..." பக்கத்துல ஒக்காந்திருந்த ராணி திரும்பி ஒரு பார்வ பாத்தா பாருங்க, "...சரியான எடம் இல்ல"ன்னு முடிச்சாரு. "எங்கயோ வச்சித் தொலை, போ!"

"சரி ராசா, ஆண்டவருக்கு எந்தப் பக்கம் தோணுதோ அந்தப் பக்கம்"னு கும்புட்டுட்டு அவ போயிட்டா. அன்னையிலேருந்து ராசாவுக்குத் தூக்கம் போச்சு. கெழக்கன்னு தோணிட்டா?

ஞாயித்துக்கெழம விடிஞ்சிச்சு. கடுகு மலையடியில நடுங்கிக்கிட்டே முழங்கால் போட்டிருக்கா. மேல ஒரு ஆட்டுக்கிடா முதுகு அரிக்குதுன்னு ஒரு பாறையில ஒரசுச்சு. ஒரசுச்சா, பாறை ஆடுச்சு, ஆடுச்சா, உருண்டுச்சு, உருண்டுச்சா, கடகட கடகடன்னு அரமணையப் பாத்து வருது!

"நகந்துட்டுதுடோய்!" ராசா அலறி அடிச்சு ஓடுறாரு, கிரீடம் ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம், எருக்குழியில தொபுக்கடீர்! கழுத்து வரைக்கும் சாணி. பாறை வந்து அவரு மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்னுச்சு.

கடுகு ஓடியாந்தா. "ராசா, மீதி மலையும் வரணுமா?"

"வேணாம் தாயே! இருக்கிற எடத்துலயே இருக்கச் சொல்லு!"

"நான் சொன்னா கேக்காது ராசா, ஆண்டவர்ட்டதான் கேக்கணும்."

"கேளு தாயே, நானும் முழங்கால் போடுறேன்!"

"போடாதீங்க ராசா, முங்கிருவீங்க!"

கடுகு கண்ண மூடி, "ஆண்டவரே, மலை அங்கனயே இருக்கட்டும்"னா. மலையும் ஒரு இம்மி அசையலயே!

குடிசையப் பிரிக்கிறேன்னவரு, அன்னைக்கே தன் அரமணையப் பிரிச்சு வண்டியில ஏத்திக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டாரு. கடுகுக்கு இன்னமும் பயம்தான். பயந்துகிட்டே ஆண்டவர் கையப் புடிச்சிக்கிறது இருக்கு பாருங்க, அதுக்குப் பேருதான் புள்ளைகளா விசுவாசம்.

கதையும் நடந்து போச்சு, கஞ்சியும் ஆறிப் போச்சு, குடிச்சிட்டுப் படுங்க.