அங்காயி கேட்ட இரும்பு ராட்டை

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் அதிகம் படித்தவள் இல்லை. நடுவில் எதையாவது விட்டுவிட்டால், கதை முடிந்த பிறகும் அதில் வரும் பூதம் போகாமல் நின்றுவிடுமோ என்ற கவலை வேறு. அதனால் நிதானமாகவே சொல்கிறேன். பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னால், மலைக்கும் கடலுக்கும் நடுவே செங்கானூர் என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே வீட்டுக்கு ஒரு ராட்டை. ராட்டையில் நூல் வந்து சுற்றிக்கொள்ளும் கம்பிக்குக் கதிர் என்று பெயர். சாயங்காலம் கதிரிலிருந்து நூலைக் கழற்றும்போது, அந்த ஊர்ப் பெண்கள் கடைசியில் ஒரு சாண் நூலை மட்டும் விட்டுவிடுவார்கள். அது விதைநூல். மறுநாள் புதுப் பஞ்சை அதோடு ஒட்டித்தான் நூற்பார்கள். கதிர் மொட்டையானால் குடும்பமும் மொட்டையாகும் என்று அவர்களுக்குப் பயம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் ஒரே வீட்டில் இரண்டு ஓரகத்திகள். அண்ணன் மனைவி அங்காயி, தம்பி மனைவி சின்னமணி. ஒரே அடுப்பு, இரண்டு ராட்டை. அங்காயி ஒரு சிட்டம், அதாவது ஒரு கட்டு நூல், நூற்பதற்குள் சின்னமணி இரண்டு சிட்டம் நூற்று, உலையும் வைத்துவிடுவாள்.

அப்போதுதான் துறைமுகத்துக்குக் கப்பல் வந்தது. முதல் வருஷம் ஒரு கப்பல் துணி கேட்டது. மறு வருஷம் மூன்று. அதற்கு மறு வருஷம் முப்பது! எல்லாத் தறிகளும் நூலுக்காகக் காத்துக் கிடந்தன. ராஜா தண்டோரா போட்டார்: "அதிகம் நூற்பவளுக்குத் தேர்த் திருவிழாவில் ராணியின் பக்கத்தில் பல்லக்கு!"

முதல் வருஷம் பல்லக்கில் போனவள் சின்னமணி. இரண்டாம் வருஷமும் சின்னமணி. மூன்றாம் வருஷமும் சின்னமணிதான், மடியில் கைக்குழந்தையோடு. அங்காயிக்குக் குழந்தை இல்லை.

"அக்கா, நீங்களும் ஏறிக்கங்க. இடம் இருக்கு" என்றாள் சின்னமணி.

"நீ இடம் குடுத்து நான் உக்காரணுமாடி?"

அன்றைக்கு அங்காயியின் வயிறு எரிந்த எரிச்சலில் ஊருக்கே சோறு பொங்கியிருக்கலாம். தன் ராட்டையின் கதிரைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். அதை ஒரு கரும்பாறையில் ஓங்கி அடித்தாள். பாறை பிளந்தது. புகை கிளம்பியது. புகைக்குள்ளிருந்து இரும்பு உடம்பும் நூறு கைகளுமாக ஒரு பூதம் வந்தது.

"என்ன வேணும்? பொன்னா? அரண்மனையா?"

"எதுவும் வேணாம். அந்தச் சின்னமணி எனக்குக் கீழே இருக்கணும்."

பூதம் கடகடவென்று சிரித்தது. "முந்நூறு வருஷம் தூங்கி எழுந்தாலும் மனுஷங்க வரம் மட்டும் மாறலை. சரி, உனக்கு ராட்டையா மாறுறேன். என் நூறு கையும் நூல் நூக்கும், ஒரே கதிர்ல சுத்தும். அந்தக் கதிர்ல ஒரு சாண் நூல் இருக்கிற வரைக்கும் நிக்கமாட்டேன். கதிர் மொட்டையானா நான் பாறைக்குள்ள போயிடணும்."

"எங்க ஊர்ல கதிரை மொட்டையா விடுறவ எவளும் இல்லை" என்றாள் அங்காயி பெருமையாக.

"தெரியும்" என்றது பூதம்.

இரும்பு ராட்டை சுற்றியது. வீட்டு உயரம், வீதி நீளம். அது சங்கு ஊதிக் கத்தியது: "பசிக்குது, இன்னும் கொண்டா!"

ஆற்றைக் கேட்டது. ராஜா உத்தரவு போட்டார், ஆற்றைத் திருப்பினார்கள். கீழே வயல்கள் காய்ந்தன. உழுதவர்கள் ஏரைச் சாய்த்து வைத்துவிட்டு ராட்டை வாசலில் வேலைக்கு நின்றார்கள்.

"பசிக்குது, இன்னும் கொண்டா!" காட்டைக் கேட்டது. வெட்டிப் போட்டார்கள். புகை எழுந்து, கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாம்பல் நிறமானது.

"பசிக்குது, இன்னும் கொண்டா!" விரல்களைக் கேட்டது. நூறு கை இருந்தும் அதற்கு அறுந்த நூலை ஒட்டத் தெரியாது. அதற்கு எச்சில் தொட்ட விரல் வேண்டும். வீட்டு ராட்டை நின்றுபோன பெண்கள் வந்தார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகளும் வந்தார்கள். சூரியனைப் பார்த்து எழுந்த ஊர், சங்கைக் கேட்டு எழுந்தது.

பொய் சொல்லக்கூடாது. துணி மலிந்தது. ஒற்றைச் சேலையில் பாதியை உடுத்தி மீதியைக் காயவைத்தவளுக்கும் மாற்றுச் சேலை கிடைத்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

அடுத்த திருவிழாவில் பல்லக்கு அங்காயிக்கு. அவள் ராணியைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் சின்னமணி அழுகிறாளா என்றுதான் தேடினாள். சின்னமணியோ குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "பெரியம்மாவைப் பாரு, பெரியம்மாவைப் பாரு!" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அங்காயிக்குப் பல்லக்கு கசந்தது.

கையால் நூற்ற நூலை யாரும் சீண்டவில்லை. கடைசியில் சின்னமணியும் வேலைக்கு வந்தாள். அவள் ஒட்டிய நூல் மறுபடி அறுந்ததே இல்லை.

"இவதான் கைக்காரி! இவளை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை!" என்றது பூதம்.

இங்கேயுமா? இரும்பும் இவளைத்தான் புகழுமா?

"அவ்வளவு பிடிச்சிருந்தா அவ விரலை நீயே எடுத்துக்கோயேன்!" என்று கத்தினாள் அங்காயி.

வாயிலிருந்து வந்தது வந்ததுதான். சின்னமணியின் பத்து விரலும் கறுத்தன, கனத்தன, இரும்பாயின.

மத்தியானச் சங்கு ஊதியது. சின்னமணி தூளியிலிருந்த குழந்தையைத் தொட்டாள். குழந்தை வீரிட்டது. மறுபடி தொட்டாள். உடம்பை முறுக்கிக்கொண்டு அலறியது. மூன்றாம் முறை அவள் தொடவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, என் கை சில்லுனு இருக்கு. பயப்படுறான். நீங்க எடுங்க."

அங்காயி எடுத்தாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தாயைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்காயி இத்தனை வருஷம் ஏங்கியது இதற்குத்தான். இப்போது கிடைத்துவிட்டது. கிடைத்ததும் நெஞ்சில் ஆணி அடித்தது போல இருந்தது.

"பசிக்குது, இன்னும் கொண்டா! அடுத்து பிள்ளைங்க விரல்!"

குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அங்காயி ஓடினாள். இரும்பு ராட்டையின் கதிரிலிருந்த நூலை மளமளவென்று உருவினாள். பெண்கள் அலறினார்கள்.

"விதைநூலை விட்டுடுங்க அக்கா! குடும்பம் நாசமாயிடும்!"

"என் குடும்பம் கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டு நிக்குதுடி!"

கடைசி ஒரு சாணையும் உருவினாள். கதிர் மொட்டையானது. பூதம் புகையாகி, புகை சுருங்கி, பாறைக்குள் போய் அடைந்தது. சின்னமணியின் இரும்பு விரல்கள் மறுபடி சதையாகிச் சிவந்தன. குழந்தை அவளிடம் தாவியது. அங்காயிக்கு லேசாகப் பொறாமை வந்தது. ஆனாலும் தடுக்கவில்லை.

வெறும் இரும்பாக நின்ற ராட்டையை உடைத்துப் போடலாம் என்றார்கள் சிலர். மாற்றுச் சேலை கட்டியவள் வேண்டாம் என்றாள். கடைசியில் இப்படி முடிவானது: வயல் குடித்தது போக மிச்சத் தண்ணீரில் ராட்டை ஓடட்டும். காட்டைத் தொடவேண்டாம். பிள்ளைகள் வேண்டாம். பூதம் மறுபடி புகுந்துவிடாதபடி, பொழுது சாய்ந்ததும் கதிரை மொட்டையாக்கிவிட வேண்டும்.

எல்லாரும் போன பிறகு அங்காயி அந்தக் கதிரைக் கழற்றிச் சின்னமணியின் கையில் வைத்தாள்.

"தினமும் காலையில நீ மாட்டு, சாயங்காலம் நீ கழட்டு. நடுவுல நான் கேட்டா குடுக்காதே."

"ஏன் அக்கா, இன்னமும் என் மேல பொறாமை வருமா?"

"நாளைக்கே வரும்டி. அதனாலதான் உன்கிட்ட குடுக்கிறேன்."

சின்னமணி கதிரை இடுப்பில் செருகிக்கொண்டாள். அங்காயி அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.